செவ்வாய்க்கிழமைச் சுற்றுலாப் பயணி

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையிலும் சீஃபஸ் மசீக் தன் சொந்த ஊருக்குச் சுற்றுலா வருகிறார். வடக்கே, வாடகை இன்னும் மனிதர்களுக்குக் கட்டுப்படியாகும் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, சந்தைக்கு அருகில் இறங்கி, ஒரு கடைக் கண்ணாடியில் தொப்பியைச் சரிபார்த்துக்கொண்டு, எங்கள் வண்டிக் கொட்டகைக்கு நடந்து வருவார். கழுத்தில் ஒரு கேமரா தொங்கும். அதில் ஃபிலிம் போட்டு இருபது வருஷம் இருக்கும். கையில், எங்கள் ஊரான சார்ல்ஸ்டனின், ஓட்டல்களில் சும்மா கொடுக்கும் வரைபடம். எழுபத்து மூன்று வயதில், பட்டாளத்தில் இருந்த காலம் போக மிச்சமெல்லாம் இந்த ஊரில்தான் கழிந்தது. ஆனாலும் அந்த வரைபடத்தை விரித்து, தெருப் பெயர்களின் மேல் விரலை ஓட்டி, புருவத்தைச் சுருக்குவார்.

“ஒரு டிக்கெட் குடும்மா,” என்பார் என் ஜன்னலில் குனிந்து.

நானும் அவரும் ஒரே சர்ச், ஒரே சபை. ஞாயிறுதோறும் வாசலில் வெள்ளைக் கையுறையோடு நின்று, என் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போய் இடம் காட்டி உட்காரவைக்கிறவர். என் கல்யாணத்திலும் அவர்தான் இடம் காட்டினார். அப்படிப்பட்டவர் என்னை முன்பின் பார்க்காதவர் போல நிற்பார்.

“மசீக் அண்ணே, உள்ளூர்க்காரங்களுக்குச் சலுகை இருக்கு.”

“நான் உள்ளூர் இல்லையே.”

“அப்ப எந்த ஊரு?”

“இன்னும் முடிவு பண்ணல. வண்டி ஏறினதும் சொல்றேன்.”

வண்டி என்றால் ஊரின் பழைய பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிற, பெஞ்சு வரிசைகள் போட்ட திறந்த வண்டி. இழுப்பது கோவேறு கழுதை. எங்கள் கொட்டகையின் பெரிய கழுதைக்கு மேயர் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் குசும்புக்கென்றே வைத்தார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கழுதைகளுக்கு உடம்புச் சூடு பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். “மேயருக்குச் சூடு பாத்தாச்சா?” “மேயர் இன்னைக்கு நகர மாட்டேங்கறார்” என்று நாங்கள் கத்திக்கொள்வதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் மேயருக்கு லீவு. டிக்கெட் விற்கிறவளுக்குக் கிடையாது.

மேயரை ஓட்டுகிறவள் பெயர் வெர்னெல். நாற்பத்திரண்டு வயது, அகலமான தோள், குரல் மட்டும் தெருக்கோடி வரை போகும். முன்னால் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். “பிள்ளைங்களைவிடக் கழுதை சொன்ன பேச்சு கேக்குது,” என்று இங்கே வந்துவிட்டாள். முழுப் பெயர் வெர்னெல் மசீக். சீஃபஸின் ஒரே மகள். அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது.

அப்பாவும் மகளும் பேசிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவள் வண்டி ஓட்டப் போவதாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில். மனிதர் தக்காளி போட்ட சிவப்புச் சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினாராம். “அந்தப் பெரிய வீடுங்களோட முன்வாசல் எப்படியிருக்கும்னே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பின்வாசல். எங்கப்பா மீன் வண்டியைத் தள்ளிட்டுப் போய்ப் பின்னால நின்னு கத்துவார். நான் தராசைத் தூக்கிட்டு நிப்பேன். இப்ப நீ முன்னால போய் வண்டிய நிறுத்தி, கேட்டு அழகு, மாடி அழகுன்னு பாடி அதுல சம்பளம் வாங்கப் போறியா?”

“வீடு அங்கதான் நிக்குது. யாராவது ஒருத்தர் அதைப் பத்திப் பேசத்தான் போறாங்க. நான் பேசினா என்ன கெட்டுப்போச்சு?”

“அந்த வண்டியில நீ உக்காந்திருக்கிற வரைக்கும் எனக்கும் என் மகளுக்கும் பேச்சில்லை.”

கோபத்தில் விழுந்த வார்த்தைதான். வேறு எவராவது இருந்தால் அடுத்த வாரம் ஒரு பை நிறைய இறாலோடு போய் மகள் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். இவர் என்ன செய்தார் என்றால், அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். நோய் குணமானவர்களும் வேலை கிடைத்தவர்களும் எழுந்து நன்றி சொல்கிற நேரம் அது. “ஆண்டவர் முன்னாலயும் உங்க முன்னாலயும் சொல்றேன்,” என்று ஆரம்பித்து அந்தச் சபதத்தை முழுசாக ஒப்பித்தார். எங்கள் சபையில் எழுந்து நின்று எதைச் சொன்னாலும் ஆமென் சொல்லிவிடுவது வழக்கம். அதற்கும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். மூன்றாம் வரிசையில் வெர்னெல் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதோடு தீர்ந்தது. சபைக்கு முன்னால் சொன்னதை சீஃபஸ் மசீக் திரும்ப எடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. “எடுத்துட்டா அப்புறம் நான் இன்னாருக்கு இன்ன இடம்னு காட்டினா எவன் உக்காருவான்?” என்பார். இது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

போன வருஷம் வசந்த காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கேமராவும் வரைபடமுமாக முதல் தடவை என் ஜன்னலுக்கு வந்தார். வண்டியை மறித்து ரகளை செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நல்ல பிள்ளையாக வரிசையில் நின்று, ஏறி, இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்பது எங்கள் ஓட்டுநர்களின் வழக்கம். வெர்னெல் முதல் பெஞ்சை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கடிவாள வாரைப் பிடித்த கை அப்படியே நின்றது. பெரிய சண்டையோ பெரிய அழுகையோ வரும் என்று நான் ஜன்னல் கதவில் கை வைத்துக் காத்திருந்தேன்.

“சார் எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?” என்றாள்.

“டொலிடோ.”

“ரொம்ப தூரம். எங்க ஊருக்கு நல்வரவு.”

அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். வண்டி நகர்ந்தது.

திரும்பி வந்தபோது அவரைத் தனியாகப் பிடித்தேன். “என்ன அண்ணே இது, சபதம் என்னாச்சு?”

“என்னாச்சு? அப்படியே இருக்கு. மகளோட பேச்சில்லைன்னுதான் சொன்னேன். வெளியூர்க்காரன் ஒருத்தன் வண்டி ஓட்டறம்மாகிட்ட நாலு சந்தேகம் கேக்கறது எந்தக் கணக்குல வரும்?” பாஸ்டரிடமும் இதைக் கேட்டிருக்கிறார். பாஸ்டர், சர்ச் வாசலில் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று வேறு பேச்சை எடுத்தாராம்.

அன்றைக்கு வண்டியில் என்ன நடந்தது என்று வெர்னெல்தான் பிற்பாடு சொன்னாள். கடலோரத் தெருவில் ஒரு பெரிய வீட்டின் முன்னால் எப்போதும் சொல்வதையே அன்றும் சொல்லியிருக்கிறாள். “எல்லாரும் முன்வாசலைப் பாத்தாச்சா? இப்ப பக்கத்துச் சந்துல, சுவரு முடியற இடத்துல ஒரு சின்ன கதவு தெரியுதா? இந்த வீட்டுக்குச் சாப்பாடு அந்த வழியாத்தான் வந்துச்சு. மீன் விக்கிறவங்க அங்க நின்னுதான் குரல் கொடுப்பாங்க. கூடவே தராசைத் தூக்கிட்டு ஒரு பையனும் நிப்பான்.” அதற்குப் பிறகு டொலிடோக்காரர் கொட்டகை வரும்வரை ஒரு சந்தேகமும் கேட்கவில்லையாம்.

அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். ஊர் மட்டும் வாராவாரம் மாறும். துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு இறக்கியவர், பெட்டிகளின் மேல் படித்த ஊர்ப் பெயர்களெல்லாம் இப்போது பயன்படுகின்றன. மில்வாக்கி என்பார், வாக்கோ என்பார். பழைய ஞாபகத்தில் மறுபடி டொலிடோ என்று சொல்லிய ஒரு வாரம், பக்கத்தில் நிஜமாகவே டொலிடோத் தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர்கள் சந்தோஷத்தில் துள்ளி, “எந்தப் பக்கம் வீடு?” என்றார்கள். “ஆத்துக்குப் பக்கத்துல,” என்றார் இவர் அசராமல். எல்லா ஊரிலும் ஓர் ஆறு இருக்கும் என்ற தைரியம்தான்.

பேச்செல்லாம் நகராட்சிச் சாவடியில் நடக்கும். எங்கள் வண்டிகள் இஷ்டத்துக்கு ஊரைச் சுற்ற முடியாது. முதலில் சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே ஓர் எந்திரத்திலிருந்து பந்து ஒன்று உருண்டு விழும். அந்தப் பந்து எந்தப் பகுதியைச் சொல்கிறதோ அங்கேதான் வண்டி போகலாம். பந்து விழும்வரை ஓட்டுகிறவளுக்கும் தெரியாது, உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியாது. கூட்டமான நாளில் அங்கேயே பத்து நிமிஷம் ஓடிவிடும். அந்தப் பத்து நிமிஷம்தான் அப்பனும் மகளும் குடும்பம் நடத்துகிற நேரம்.

“டிரைவரம்மா, ஒரு சந்தேகம். இந்த ஊர்ல வெண்டைக்காய் ரொம்ப விளையுமாமே?”

“விளையுது சார். யாரோ ஒரு பெரியவர் பை பையா கொண்டுவந்து எங்க டிக்கெட் ஜன்னல்ல வச்சுட்டுப் போறார். ஒத்த ஆள் எவ்வளவுதான் சாப்பிடறது? கொஞ்சம் குறைச்சுக்கிட்டா நல்லாருக்கும்.”

“பிஞ்சாத்தானே இருக்கு?”

“பிஞ்சுதான் சார். முத்தினது ரெண்டு கிடந்துச்சு, மேயருக்குப் போட்டுட்டேன்.”

இன்னொரு வாரம்: “டிரைவரம்மா, உங்க ஊர்ல பல் டாக்டருங்க உண்டா? ஒருத்தங்க கன்னம் வீங்கியிருக்கற மாதிரி இருக்கு.”

“உண்டு சார். வியாழக்கிழமை போறாங்களாம்.”

“போன வாரமும் வியாழக்கிழமைன்னுதான் சொன்னாங்க.”

“சார் மில்வாக்கில இருந்து போன வாரமும் வந்திருந்தீங்களா?”

மனிதர் வரைபடத்தை விரித்துக்கொள்வார். பெஞ்சில் இருக்கும் மற்றவர்கள், இந்தத் தெற்கு மாநிலத்துக்காரர்கள் எவ்வளவு கலகலப்பாகப் பேசுகிறார்கள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் கோடையில் வெர்னெலின் பேச்சு மாறிவிட்டதை நான் கவனித்தேன். முன்பெல்லாம் “இடது பக்கம் பாருங்க” என்று கையைக் காட்டிவிட்டுக் கதைக்குப் போய்விடுவாள். இப்போது, “இடது பக்கம் ஒரு ரோஸ் கலர் சுவரு, மேல ரெண்டு தாழ்வாரம், கறுப்பு இரும்பு கேட்டு, கேட்டுல கொடி படர்ந்திருக்கு,” என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். ஓர் அம்மாள் இறங்கும்போது என்னிடமே சொன்னாள், “பெண் நல்ல பெண்தான், ஆனால் எங்களுக்குக் கண் இருக்கிறதே.” கண் இல்லாதது யாருக்கு என்று எனக்குத் தெரியும். போன ஞாயிறு சீஃபஸ் என் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போய், ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்த இடத்தில் என்னை உட்காரவைத்தார்.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்த ஆஸ்பத்திரியில், முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் கூடவே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இவர் தனியாகப் போய் நின்றார். “கூட வந்தவர் எங்கே?” என்று நர்ஸ் கேட்டாள். “கீழ கார்ல இருக்கார்.” “அவர் பேர் என்ன?” ஊர்ப் பெயரைத் தவிர வேறு பொய் சொல்லி மனிதருக்குப் பழக்கமில்லை. வாயில் வந்த பெயரைச் சொன்னார். “மேயர்.” நர்ஸ் சிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுபடி கொடுத்த நாள்தான் வருகிற வெள்ளிக்கிழமை. இதையும் விட்டால் குளிர்காலம் போய்த்தான் அடுத்தது, அதற்குள் இடது கண்ணும் மூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நான் வரேன் அண்ணே,” என்றேன்.

“நீ வேண்டாம். மயக்கத்துல நான் என்ன உளறினாலும் ஞாயித்துக்கிழமைக்குள்ள சபை பூரா பரப்பிடுவ.”

சபையில் வேறு நாலு பேர் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார். ஒருத்தர் கார் ஓட்டுவது சரியில்லை, ஒருத்தர் வீட்டு நாய் கடிக்கும். அவருக்கு வேண்டியது மகள். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வழியில்லை. வெர்னெலிடம் நான் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சலில், இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் கட்டிப்போட்டால் என்ன என்று தோன்றியது.

இந்தச் செவ்வாய்க்கிழமை, ஜன்னலுக்கு வேறொருத்தியை உட்காரவைத்துவிட்டு நானும் வண்டியில் ஏறினேன். சீஃபஸ் தன் வழக்கமான இடத்தில் இருந்தார். முன் பெஞ்சில் நெப்ராஸ்காவிலிருந்து ஒரு தம்பதி. பின்னால் இரண்டு பெண் குழந்தைகளோடு ஓர் அம்மா.

“சார் எந்த ஊரு?” என்றாள் வெர்னெல்.

“பக்கத்துலதான்,” என்றார் அவர். ஊர்ப் பெயர் யோசிக்கும் நிலையில் அவர் இல்லை.

சாவடியில் அன்று வரிசையே இல்லை. போய் நின்றதும் பந்து விழுந்துவிட்டது. பத்து நிமிஷத்தை நம்பி வந்தவர் பாவம், வாயைத் திறப்பதற்குள் மேயர் நடக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு தெரு போயிற்று, இரண்டு தெரு போயிற்று. வெர்னெல் சுவரையும் கேட்டையும் நிறம் நிறமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பின்னாலிருந்து அவர் முதுகில் விரலால் குத்தினேன்.

“டிரைவரம்மா,” என்றார். “ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க சார்.”

“இந்த ஊர்ல ஒருத்தருக்குக் கண்ணுல ஆபரேஷன்னு வச்சுக்குங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் இருந்தாத்தான் பண்ணுவாங்களாமே. ஆளில்லாதவங்க என்ன பண்ணுவாங்க?”

வெர்னெல் திரும்பவில்லை.

“அய்யோ பாவம், ஊர் பாக்க வந்த இடத்துலயா உங்களுக்கு ஆபரேஷன்?” என்றாள் நெப்ராஸ்கா அம்மாள்.

“எனக்கில்லம்மா. பொதுவாத்தான் கேக்கறேன். வெள்ளிக்கிழமைன்னு வச்சுக்குங்களேன்.”

“பொதுவா கேக்கறவர் கிழமை வேற சொல்றாரே,” என்று அவள் புருஷன் முணுமுணுத்தான்.

இந்த நேரம் பார்த்து மேயர் நடுத்தெருவில் கால்களை அகட்டி நின்றது. குழந்தைகள் சிரித்தன. இங்கே கழுதை நனைத்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. ஓட்டுகிறவர் அந்த இடத்தில் ஒரு சின்னக் கொடியைப் போட்டுவிட்டு ரேடியோவில் கொட்டகைக்குச் சொல்ல வேண்டும்; லாரி வந்து கழுவிவிடும். வெர்னெல் கொடியை வீசினாள். ரேடியோவை எடுத்து, வாய்க்கு அருகே கொண்டுபோய், முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகப் பேசினாள். வழக்கமாக இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயம், அன்று நீண்டுகொண்டே போயிற்று.

பிறகு ரேடியோவை வைத்துவிட்டு, “வலது பக்கம் ஒரு மஞ்சள் வீடு, பச்சை ஜன்னல், வாசல்ல ரெண்டு கல் படி,” என்று ஆரம்பித்தாள்.

சீஃபஸ் வலது பக்கம் திரும்பினார். மஞ்சள் வீட்டைத் தாண்டி வெகுநேரம் ஆன பிறகும் திரும்பியபடியே இருந்தார். மடியில் வரைபடம் நழுவிக் கீழே விழுந்ததை அவர் பார்க்கவில்லை. வெர்னெல் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கிழவன் இறங்கி வந்து கேட்டுவிட்டான், இவளுக்கு ஒரு பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

கொட்டகையில் எல்லோரும் இறங்கினார்கள். நெப்ராஸ்கா அம்மாள் சீஃபஸின் கையைப் பிடித்து, ஆண்டவர் ஒரு வழி காட்டுவார் என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டி காலியாயிற்று. சுற்றுலா முடிந்துவிட்டால் அவர் வெளியூர்க்காரர் இல்லை, அவள் டிரைவரம்மாவும் இல்லை. அதனால் எப்போதும் அந்த நிமிஷமே நடையைக் கட்டிவிடுவார். அன்று நின்றார். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

வெர்னெல் வந்து மேயரின் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினாள். அவரைப் பார்க்காமல், கழுதையின் காதைப் பார்த்துச் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிட்டேன். கொட்டகைல வேற ஆள் போட்டுக்கறாங்களாம். எத்தனை மணிக்கு வரணும்?”

வண்டிக்குப் பக்கத்தில் மூன்று பேர்தான் இருந்தோம். மூன்று பேரும் ஒரே சபை. நான் பெஞ்சில் கிடந்த டிக்கெட்டுத் துண்டுகளைப் பொறுக்குவது போல் குனிந்துகொண்டேன். சீஃபஸின் தாடை இரண்டு தடவை அசைந்தது. வார்த்தை வரவில்லை, வர அவர் விடவில்லை.

தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். மற்றக் கையில் ஒரு விரலை நீட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, அதற்குப் பக்கத்து விரலையும் நீட்டி, அதைப் பாதியாக மடக்கி, அவளுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தார்.